இரு பட்டமும் ஒரு பணியும்

இக்காலத்துக் கலாசாலை மாணாக்கரிடையே அடிக்கடி எழும் வினாக்களுள் ஒன்று, ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு பாடங்களைப் பிரதானமாகக் கொண்டு பயிலலாமா என்பதாகும். விடுதி உணவுச்சாலையிலும், நூல்நிலையத்துப் படிக்கட்டிலும், பரீட்சைக் கட்டணம் செலுத்த நிற்கும் வரிசையிலும் இவ்வினாவை யாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். கேட்பது மாத்திரமன்றி, எமது வாழ்நாளில் மூன்று ஆண்டுகளை அதற்கு விடையாகக் கொடுத்தும் வருகின்றோம். ஆதலின், தொடர்பியலும் தொழில்நுட்பமும் ஆகிய இரண்டையும் ஒருங்கே பயிலும் மாணாக்கரது நிலையைப் பற்றிய எமது அபிப்பிராயத்தை இச்சஞ்சிகையின் வாயிலாக ஆசிரியர்களுக்கும், உடன் பயிலும் நண்பர்களுக்கும், பழைய மாணவர்களுக்கும் வெளியிடத் துணிந்தோம். எமது கூற்றிற் குறை காணின் அறிவுடையோர் பொறுத்துத் திருத்துவாராக.

முதற்கண், இவ்விருபாடப் படிப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சிறிது கூறுதல் தகும். அமெரிக்க சர்வகலாசாலைகளில் ஒரே பட்டத்தினுள் இரண்டு பிரதான பாடங்களை மேற்கொள்ளுதல் நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. நம் நாட்டிலோ, ஒரு மாணாக்கர் ஒரே காலத்தில் இரண்டு முழுநேரப் பட்டங்களுக்குப் பயிலுதல் ஏற்கப்படாதிருந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறைகள் அக்கதவைத் திறந்தன. வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதாதிருப்பின் இரண்டு படிப்புகளையும் நேரிற் பயிலலாம். அல்லது ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலை வழியாகவோ இணைய வழியாகவோ பயிலலாம் என்று அவை இடங்கொடுத்தன. முனைவர் பட்டத்திற்கு மாத்திரம் இது பொருந்தாது. யாம் மேற்கொண்டது இரண்டாவது வழி. வாரத்தின் நாட்களில் கலாசாலை வகுப்பிலமர்ந்து கணினித் தொழில்நுட்பம் பயில்கின்றோம். இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் தொலைநிலையில் தொடர்பியல் பயில்கின்றோம். ஓரிடத்தில் யந்திரத்திற்குப் புரியுமாறு நிரல் எழுதக் கற்பிக்கின்றனர். மற்றோரிடத்தில் மனிதருக்குப் புரியுமாறு செய்தி எழுதக் கற்பிக்கின்றனர்.

இதனைக் கேள்வியுற்ற எமது தாய்மாமன், "மருமகனே, இரண்டு தோணியிற் கால் வைத்தவன் எந்தக் கரையைச் சேர்ந்தான்?" என்று வினவினார். ஆசிரியப் பெருந்தகை ஒருவர், பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்னும் பழமொழியை நினைவூட்டினார். இவ்விருவரும் எமது நலத்தை விரும்புவோர். அவர்கள் கூற்றைப் பழைய மனப்பான்மை என்று தள்ளிவிடுதல் எளிது; ஆனால் அது நேர்மையாகாது. ஏனெனில் அவர்கள் கூறியதிற் பெரும்பகுதி உண்மையென்பதை அனுபவத்தால் அறிந்தோம். இரண்டு பாடங்களின் ஒப்படைப்புகளும் ஒரே வாரத்தில் வந்து சேரும். ஒன்றின் நேர்முக வகுப்பு நடைபெறும் ஞாயிற்றுக்கிழமையிலேயே மற்றொன்றின் செய்முறைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தல் வேண்டும். விளையாட்டு மைதானத்தின் பக்கம் யாம் சென்று நெடுநாளாயிற்று. இரண்டாவது பட்டத்திற்குச் செலுத்தும் கட்டணம், பெற்றோர் வேறொரு செலவைக் குறைத்துக் கொடுத்தது என்பதும் எமக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டில் எமது மதிப்பெண்கள் இரண்டு பாடங்களிலும் ஒருங்கே தாழ்ந்தன. இவற்றையெல்லாம் மறைத்து, இருபாடப் படிப்பு எல்லோர்க்கும் உகந்ததென்று முழங்குதல் எமது நோக்கமன்று.

மேலும், இப்படிப்பை நாடுவோருள் அநேகர் கூறும் காரணமும் எமக்கு உடன்பாடானதன்று. ஒரு பட்டத்தால் வேலை கிடைக்காவிடின் மற்றொன்றாற் கிடைக்கும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். குடையோடு கோணிச்சாக்கையும் எடுத்துக்கொண்டு மழையிற் புறப்படுதல் போன்றது இது. ஒன்று கிழிந்தால் மற்றொன்று உதவும் என்னும் எண்ணத்தில் இரண்டையும் சுமப்பவர், இரண்டினுள் எதனையும் ஆழ்ந்து கற்பதில்லை. அத்தகையோர்க்குப் பழமொழியின் தச்சன் தக்க உவமையே.

எனினும், எமது கேள்வி வேறு. ஒருவர் இரண்டு பட்டம் பெறக்கூடும் என்பதில் ஐயமில்லை. அவ்விரண்டு அறிவும் அவருள் ஒன்றோடொன்று சேருமா? சேருமாயின் எப்போது சேரும்? இதுவே ஆராயத்தக்கது.

தொடர்பியலும் தொழில்நுட்பமும் ஆகிய இரண்டிற்கும் அடிப்படையிட்டவருள் ஒருவராகிய கிளாட் ஷானன் என்பாரின் மாணவப் பருவம் இங்கு நினைக்கத்தக்கது. அவர் அமெரிக்க நாட்டு மிச்சிகன் சர்வகலாசாலையில் 1936ஆம் ஆண்டு மின்பொறியியலிலும் கணிதத்திலும் ஆக இரண்டு பட்டங்கள் பெற்றவர். ஆங்குப் பயில்கையில் ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த தர்க்கக் கணிதத்தை அவர் அறிந்திருந்தார். உண்மை, பொய் என்னும் இரண்டையே மதிப்புகளாகக் கொண்டு வாக்கியங்களைக் கணக்கிடும் அம்முறைக்கு அக்காலத்துப் பொறியியலாளர் யாதொரு பயனும் கண்டிலர். பின்னர் ஷானன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பெரியதொரு கணக்கிடும் யந்திரத்தைப் பேணும் பணியில் அமர்ந்தார். அதனை இயக்கும் மின்சுற்றுகளில் திறந்தும் மூடியும் நிற்கும் மின்விசைகளை நாள்தோறும் நோக்கியபோது, திறந்திருத்தலும் மூடியிருத்தலும் பூலின் பொய்யும் மெய்யுமே என்று கண்டார். 1937இல் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை அதனை விளக்கிற்று. இன்று நம் கைப்பேசியினுள் இருக்கும் கணக்கிடும் சுற்றுகள் அக்கருத்தின் மேல் நிற்பவை.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இரு பட்டங்களையும் பெற்ற நாளில் ஷானனுடைய இரண்டு அறிவும் சேரவில்லை. பழுது பார்க்கவேண்டிய யந்திரம் ஒன்றின் முன் நின்றபோதுதான் அவை சேர்ந்தன. பாடங்களைச் சேர்த்து வைத்தது பணி.

அவரே 1948ஆம் ஆண்டில் செய்திப் போக்குவரத்தைப் பற்றிய கணிதக் கொள்கையொன்றை வெளியிட்டார். ஒரு கம்பியின் வழியே எவ்வளவு செய்தியைப் பிழையின்றிச் செலுத்தலாகும் என்பதை அளக்க அது வழிகாட்டிற்று. அவ்வளவையை அமைக்கும் பொருட்டு அவர் தொடக்கத்திலேயே ஒன்றை ஒதுக்கிவைத்தார். செய்தியின் பொருள் யாது என்பது பொறியியலாளரின் கணக்கிற் சேராது என்பதே அது. திருமண அழைப்பாயினும், மரண அறிவிப்பாயினும், பொருளற்ற எழுத்துக் கோவையாயினும் கம்பிக்கு எல்லாம் ஒன்றே. அவ்வாறு ஒதுக்கியமையாலேயே அக்கலை வளர்ந்தது. அதனைக் குறை கூறுதல் தகாது. ஆயினும், ஒதுக்கிவைக்கப்பட்ட பொருளை யாரேனும் ஒருவர் மீண்டும் எடுத்தாக வேண்டுமன்றோ? தொழில்நுட்ப வகுப்பு அதனை வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்கின்றது. தொடர்பியல் வகுப்போ அதனையே பேசுகின்றது; ஆனால் கம்பியின் அளவை அறியாது பேசுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டு. இருபாட மாணாக்கரது இடம் அங்கேதான் என்பது எமது துணிபு.

இது மேல்நாட்டார்க்கு மாத்திரம் உரிய செய்தியென்று கருதவேண்டுவதில்லை. தமிழ் அச்சின் வரலாற்றிலேயே இவ்வெற்றிடம் காணப்படுகின்றது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்றார், அச்சியந்திரமும் வரவழைத்தார். ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துக்களோ மிகப் பெரியனவாயிருந்தன. காகிதம் கிடைத்தற்கு அரிய அக்காலத்தில் அவற்றைக்கொண்டு ஒரு முழு நூலை அச்சிட இயலவில்லை. ஆதலின் இங்கேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முற்றுப்பெற்றது. பொறையாற்றிற் காகிதம் செய்யும் ஆலையும் எழுந்தது. மொழியறிவு ஒன்றே இருந்திருப்பின் கையெழுத்துப் பிரதி மிஞ்சியிருக்கும். யந்திரம் ஒன்றே இருந்திருப்பின் பெரிய எழுத்துக்கள் காகிதத்தைத் தின்று தீர்த்திருக்கும். ஈய எழுத்தின் அளவைக் குறித்துக் கவலைப்பட்டவர்க்கு, அதனால் அச்சாகவேண்டிய வாக்கியத்தைப் பற்றியும் கவலை இருந்தது.

இனி, எமது சொந்தப் பிழையொன்றைக் கூறுவோம். இக்கட்டுரை எழுந்ததற்கு உண்மையான காரணம் அதுவே.

கடந்த ஆண்டில், தொழில்நுட்பப் பாடத்தின் பொருட்டு ஒரு செய்முறைத் திட்டம் செய்யவேண்டியிருந்தது. கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் மீனவர்க்கு வானிலைத் துறையின் எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் நிரலொன்றை யாம் அமைத்தோம். வாட்ஸப் முதலியன இருக்கக் குறுஞ்செய்தி எதற்கு என்று சிலர் வினவலாம். அவ்வூரில் முதியோர் பலர் பொத்தான் கைப்பேசியே வைத்திருந்தனர். இணைய அலையும் கரையில் நின்றுநின்று வருவதாயிருந்தது. எமது நிரல் அறிவிப்பை எடுத்தது, எண்களுக்கு அனுப்பிற்று, அனுப்பியதற்குச் சான்றும் குறித்துக்கொண்டது. பிழை ஒன்றுமில்லை என்று திரையிற் கண்டு மகிழ்ந்தோம்.

ஆனால், சோதனையாக அனுப்பிய அறிவிப்பை ஊருக்குச் சென்று ஒரு பெரியவரிடம் காட்டியபோது அவர் நெடுநேரம் அதனை நோக்கினார். அதில், "வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று வீசக்கூடும். ஆதலால் மீனவர்கள் இரண்டு நாள்களுக்குக் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகின்றனர்." என்று இருந்தது. பெரியவர் கைப்பேசியை எம்மிடம் திருப்பிக் கொடுத்து, "தம்பி, இது வாடையா, கொண்டலா? அதைச் சொல்லுங்கள். அப்புறம், போகலாமா கூடாதா என்பதை முதலிற் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவே அவர் கூறியது. எமக்கு வாய் திறக்கவில்லை.

அவர் கேட்ட இரண்டில் ஒன்று சொல். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு அவர்களிடம் பெயருண்டு. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அலை எவ்வாறிருக்கும், எந்த மீன் வரும், படகை எப்படித் திருப்புவது என்பன அவர்கள் மனத்தில் தோன்றிவிடும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது சாலையிற் செல்லும் வண்டியின் கணக்கு. மற்றொன்று முறை. முக்கியமானதை முதலிற் கூறு என்பது, தொடர்பியலின் முதற் பருவத்திலேயே எமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். அதனை யாம் மனனம் செய்து, பரீட்சையில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம்.

விடுதிக்கு மீண்டு அவ்வறிவிப்பைத் தொழில்நுட்பக் கண்கொண்டு நோக்கியபோது வெட்கம் இன்னும் மிகுந்தது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு ஆகும். ஆங்கில எழுத்துக்குப் பொதுவாக 7 பிட்டுகள் போதுமாதலின் 160 எழுத்துக்கள் அதில் அடங்கும். தமிழ் எழுத்துக்கோ ஒவ்வொரு குறிக்கும் 16 பிட்டுகள் வேண்டும். ஆகவே 70 குறிகளே அடங்கும். அதிலும் கு என்பது க என்னும் குறியும் உகரக் குறியும் ஆக இரண்டிடம் கொள்ளும். க் என்பதன் புள்ளியும் தனியே ஓரிடம் கொள்ளும். எமது வாக்கியத்தை எண்ணிப் பார்த்தோம். காற்று என்னும் சொல் வருவதற்கு முன்னரே 70 இடமும் தீர்ந்துவிட்டன. மொத்தம் 186 குறிகள் கொண்ட அவ்வறிவிப்பு மூன்று துண்டுகளாகப் பிரிந்தே சென்றிருக்கின்றது. செல்ல வேண்டாம் என்னும் சொற்கள் மூன்றாந் துண்டில் இருந்தன. கைப்பேசி அத்துண்டுகளை ஒட்டிக் காட்டும் என்பது மெய்யே. ஆயினும் அலை குன்றிய கரையில் ஒரு துண்டு தாமதிக்குமாயின் நேர்வது யாது? எச்சரிக்கையின் உயிரான பகுதியே வழியில் நின்றுவிடும்.

இவ்வளவும் எமக்கு முன்னரே தெரிந்தவை. 70 என்னும் அளவைத் தொழில்நுட்ப வகுப்பிற் படித்திருந்தோம். முக்கியமானதை முன்வைத்தலைத் தொடர்பியலிற் படித்திருந்தோம். எம்முள் இரண்டு மாணாக்கர் இருந்தனர். அவ்விருவரும் ஒருவரோடொருவர் பேசியதில்லை. ஒருவர் திங்கள் முதல் வெள்ளி வரை எழுந்தார். மற்றவர் சனி ஞாயிறுகளில் எழுந்தார். அவர்களைப் பேசவைத்தது எந்தப் பாடநூலும் அன்று. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்த அப்பெரியவரின் கை.

பின்னர் அப்பெரியவரையும் அவ்வூரார் வேறு சிலரையும் உடன் வைத்துக்கொண்டு அறிவிப்பைத் திருத்தினோம். அக்கரையில் அத்திசைக் காற்றை வாடையென்றே வழங்குவர் என்று அவர்கள் உறுதி கூறினர். அடுத்த கரையில் வழக்கு மாறக்கூடும் என்றும் எச்சரித்தனர். இறுதியில், "நாளை வாடை பலம். கடலுக்குப் போகாதீர்." என்று அமைந்தது. இடைவெளியும் புள்ளியும் உட்பட இது 36 இடங்களே கொள்ளும். ஒரே துண்டிற் செல்லும். எத்தனை நாளுக்கு என்பதையும் எவ்வளவு வேகம் என்பதையும் மிஞ்சிய இடத்திற் சேர்த்தோம். நிரலில் யாம் மாற்றியது சில வரிகளே. அவ்வரிகளை மாற்ற எமக்கு இரண்டு படிப்பும் வேண்டியிருந்தன. ஒரு கடற்கரையும் வேண்டியிருந்தது.

சொல் திருந்தினால் எல்லாம் திருந்தும் என்று கூறுவதாக எவரும் கொள்ளற்க. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கிப் புயலை நம் தென்கோடிக் கடற்கரை மறக்காது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் ஆகிய மாவட்டங்களினின்றும் ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் அநேகர், கரையின் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தனர். நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற் போயினர். கைப்பேசியின் அலை கரையிலிருந்து சிறிது தூரமே செல்லும். அதற்கப்பால், உலகிலுள்ள அழகிய வாக்கியம் யாதாயினும் அது கடலிற் கரைந்த உப்பே. அத்துயரத்திற்குப் பின், 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெமினி என்னும் கருவி வெளியிடப்பட்டது. ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் நிலையத்தின் எச்சரிக்கைகளைச் செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் பெற்று, அருகிலுள்ள கைப்பேசியில் இந்திய மொழிகளிற் காட்டுவது அது. எனினும் அது ஒருவழிக் கருவியாகவே வெளிவந்தது. கேட்கலாம், மறுமொழி கூற இயலாது. தூரத்தைக் கடத்தல் தொழில்நுட்பத்தின் கடமை. அத்தூரத்தைக் கடந்து சென்ற சொல் மனிதனுக்கு உதவுமாறு செய்தல் தொடர்பியலின் கடமை. ஒன்று தவறினும் படகு திரும்பாது.

இக்காலத்தில் மற்றோர் ஆட்சேபமும் எழுகின்றது. செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திரங்கள் கட்டுரையும் எழுதுகின்றன, நிரலும் எழுதுகின்றன, ஆகவே இரண்டு படிப்பும் வீண் என்பர் சிலர். யாமும் அவற்றைப் பயன்படுத்தியுள்ளோம். அவற்றின் வேகத்தைக் கண்டு வியந்துமிருக்கின்றோம். ஆயினும் எமது முதல் அறிவிப்பை அவ்யந்திரத்திடம் காட்டியிருப்பின் அது இலக்கணப் பிழையொன்றும் காணாது மெச்சியிருக்கும். ஏனெனில் அதிற் பிழையொன்றும் இல்லை. யாருக்கு இது செல்கின்றது, அவர் கையில் எக்கருவி உளது, அவர் ஊரிற் காற்றுக்கு என்ன பெயர் என்று கேட்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். கேட்கத் தெரிந்தபின் யந்திரம் நல்ல வேலையாள். எழுதுதலும் நிரலமைத்தலும் எளிதாகுந்தோறும், எதனை எழுதுவது, யாருக்காக நிரலமைப்பது என்னும் வினாக்களின் பாரம் கூடுமேயன்றிக் குறையாது.

இவற்றிலிருந்து யாம் துணிந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

இருபாடப் படிப்பை நாடும் தம்பி தங்கையர்க்கு முதலிற் கூறுவது: இரண்டாவது பாடத்தை எடுக்குமுன், இரண்டையும் கொண்டு நீங்கள் செய்ய விரும்பும் ஒரு பணியைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எழுத இயலவில்லையெனின் ஓராண்டு பொறுங்கள். ஒரு பாடத்தை ஆழ்ந்து கற்றலில் இழிவொன்றுமில்லை. எழுத இயலுமெனின் அஞ்சற்க. மதிப்பெண் சிறிது தாழினும் அறிவு தாழாது. ஆனால் உறக்கத்தையும் உடல்நலத்தையும் அடகு வைத்துப் பெறும் பட்டம் மீட்க இயலாத அடகாகிவிடும் என்பதையும் எமது இரண்டாம் ஆண்டின் அனுபவத்தாற் கூறுகின்றோம்.

கலாசாலைத் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பணிவுடன் ஒரு விண்ணப்பம். இருபாட மாணாக்கர் மிகச் சிலரே ஆகலாம்; எல்லோரும் அவ்வாறு பயிலவும் வேண்டுவதில்லை. எனினும், தொழில்நுட்பம் பயில்வோர் ஒருவரையும் தொடர்பியலோ தமிழோ பயில்வோர் ஒருவரையும் இணைத்து, கலாசாலைக்கு வெளியே உள்ள ஒருவர்க்குப் பயன்படும் ஒரு பணியை இறுதியாண்டில் அளித்தல் கூடும். அதனை இரு துறை ஆசிரியரும் சேர்ந்தே மதிப்பிடட்டும். எப்பொருளைச் செய்தனர் என்பதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதட்டும். மதிப்பெண் இடுமுன், அப்பணி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரிடம் ஒரு சொல் கேட்கப்படட்டும். பொறியியலின் பெயர்பெற்ற சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004ஆம் ஆண்டு முதல் சமுதாய வானொலி இயங்கி வருகின்றது. பாம்பனில் கடல் ஓசை என்னும் வானொலி மீனவர்க்கென்றே பேசுகின்றது. கருவியையும் சொல்லையும் ஒரே கூரையின்கீழ் வைத்தல் இயலாத காரியமன்று என்பதற்கு இவை சான்று.

பழைய மாணவர்களாகிய பெரியோர்களே! உங்களுட் சிலர் பத்திரிகை நிலையங்களிலும், சிலர் கணினி நிறுவனங்களிலும், சிலர் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிகின்றீர்கள். ஆண்டு விழாவிற்கு வரும்போது பரிசுக் கோப்பைகளோடு, உங்கள் அலுவலகத்தில் தீராதிருக்கும் சிறு சிக்கல்கள் சிலவற்றையும் கொண்டு வாருங்கள். மக்களுக்குப் புரியாத ஒரு படிவம், எவரும் கேளாத ஓர் அறிவிப்பு, தமிழில் உடைந்து தோன்றும் ஒரு திரை ஆகிய இவை போதும். மாணாக்கர்க்கு இதனினும் நல்ல கொடை வேறில்லை.

எமது தாய்மாமனுக்கும் விடை கூறியாக வேண்டும். இரண்டு தோணியிற் கால் வைத்தல் ஆபத்து என்பது மெய்யே. ஆனால் கடற்கரையில் யாம் கண்ட கட்டுமரம், தனித்தனியே மிதக்கும் மரங்களைக் கயிற்றாற் பிணைத்தது. பிணைக்காத மரங்களின்மேல் நின்றவர் வீழ்வார்; பிணைத்தவர் மீனோடு திரும்புவார். கயிறு எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்பின், கரையிலே கிடைக்கும், மாமா, வகுப்பறையிற் கிடைக்காது என்போம்.

நம் துறைமுகங்களிற் புயற்காலத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை நண்பர்கள் கேள்வியுற்றிருப்பர். 1 முதல் 11 வரை எண்கொண்ட அடையாளங்கள் அவை. உயர்ந்ததொரு கம்பமும், கயிறும், தொலைவிலிருந்து காணத்தக்க வடிவமும் அதன் தொழில்நுட்பம். இன்ன எண்ணுக்கு இன்ன பொருள் என்பதைக் கரையிலுள்ளோர் அறிந்திருத்தல் அதன் தொடர்பியல். கம்பம் முறிந்தாலும் பயனில்லை. பொருள் மறந்தாலும் பயனில்லை. யாம் சந்தித்த பெரியவர் இன்னும் அக்கரையில் இருக்கின்றார். எமது அறிவிப்பு இப்போது அவர்க்குப் புரிகின்றது. ஆனால் அடுத்த கரையிற் காற்றின் பெயர் வேறு. அவ்வூருக்கு யாம் இன்னும் செல்லவில்லை. பரீட்சை முடிந்தபின் செல்லக் கருதியுள்ளோம். உடன் வர விரும்பும் நண்பர், எப்பாடம் பயில்வோராயினும், எமது அறைக் கதவைத் தட்டுவாராக.